உங்கள் அபிமான இசைக்கலைஞரைக் கச்சேரி முடிந்தபின் நேரில் சந்தித்திருக்கிறீர்களா? என்ன பேசினீர்கள்?

சந்தித்திருக்கிறேன். கச்சேரி நடந்த கோவிலில் அது கைகூடவில்லை. மறுநாள் விடியற்காலையில், மட்டக்களப்பு வாவியின் நடுவே, பாதையில் சந்தித்தேன். வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன்: ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவைக்கு எங்கள் பக்கம் பாதை என்றுதான் பெயர். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் மண்டூரில் ஏறினால் கிழக்குக் கரையான எழுவான்கரையில் குருமண்வெளியில் இறங்கலாம்.

அவர் தவில் வித்துவான். யாழ்ப்பாணத்து இணுவில்காரர். பெயரை எழுதப்போவதில்லை. அவர் யாரென்று தெரிந்தால் இன்னொருவர் யாரென்பதும் தெரிந்துவிடும்.

எங்கள் பகுதி மத்தளத்தின் நாடு. வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் விடியும்வரை களரி என்னும் ஆட்டக் களத்தில் நின்று கூத்தாசிரியரான அண்ணாவியார் அடிக்கும் மத்தளமும், கண்ணகி அம்மன் கோவில்களின் வைகாசிச் சடங்கில் ஒலிக்கும் உடுக்கும் பறையுமே எங்கள் காதைப் பழக்கியவை. நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்த பெரிய மேளத்துக்குத் திருவிழாக் காலத்தில் பெரும்பாலும் யாழ்ப்பாணத்து வித்துவான்களையே அழைப்போம். அதனால் படுவான்கரையில் எதை வாசித்தாலும் கைதட்டுவார்கள் என்று எண்ணுபவர்கள் இருக்கிறார்கள். அந்த எண்ணம் தவறு. கூத்தில் ஒரு தாளக்கட்டு நழுவினால், களரி ஓரத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் வயதான பெண்கள்கூட வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள்.

எங்கள் வீட்டில் தெட்சணாமூர்த்தியின் தவில் ஒலிநாடாக்கள் இருந்தன. 1975 இல் மறைந்த அந்த மேதையை அப்பா நேரில் கேட்டதில்லை. அந்த ஏக்கத்தில்தான் என்னை மிருதங்கம் படிக்க அனுப்பினார். கல்லடியில் சுவாமி விபுலானந்தர் பெயரில் 1982 இல் தொடங்கப்பட்ட இசை நடனக் கல்லூரியில் பயின்ற ஒருவரிடம் ஆறு ஆண்டுகள் கற்றேன். உத்தியோகம் கிடைத்ததும் மிருதங்கம் அலுமாரிக்கு மேலே போய்விட்டது. எண்ணிக்கை மட்டும் விரல்களை விட்டுப் போகவில்லை.

அந்த இணுவில் வித்துவானை ஏன் அவ்வளவு பிடிக்கும் என்றால், அவர் வேகத்துக்காக அல்ல. வேகமாக வாசிக்கப் பலர் இருக்கிறார்கள். நாதஸ்வரம் ஒரு பல்லவியை எடுக்கும்போது, அந்தச் சொற்கள் நம் மனத்தில் வந்து உட்காரும்வரை இடம் விட்டு வாசிப்பார். பாட்டைக் கேட்டுக்கொண்டே வாசிப்பவர் என்று அப்பா சொல்வார். அவர் மேளம் எங்கே என்று விசாரித்து விசாரித்துப் போயிருக்கிறேன்.

அன்று மண்டூருக்குச் சில கிலோமீற்றர் தள்ளி ஒரு ஊர்க்கோவில் திருவிழா. நான்கு நாதஸ்வரம், நான்கு தவில். நள்ளிரவு கடந்துதான், தவில்கள் மட்டும் வாசிக்கும் தனி தொடங்கியது. ஆதி தாளம். மூத்தவரில் தொடங்கி ஒவ்வொருவராக வாசித்து, கடைசித் தவிலுக்கு வந்தது. அவன் பையன், பதினாறு வயது இருக்கும். நன்றாகவே வாசித்தான். திஸ்ரத்தில், அதாவது மும்மூன்றாக எண்ணும் கணக்கில், அவன் வைத்த ஒரு நடை எனக்குப் புதியது. பிறகு, வாசிப்பை முடித்துவைக்கும் சொற்கட்டான கோர்வைக்குப் போனான். முடிவில் ததிங்கிணதொம் என்ற சொல் மூன்று தடவை வரவேண்டும். ஒன்றுக்கு 5 வீதம் 15 மாத்திரை, அதாவது 15 சிறு எண்ணிக்கை, அதன்பின் தாளம் மறுபடி தொடங்கும் இடமான சமம். பையன் இரண்டு தடவையோடு கையைத் தூக்கிவிட்டான்.

சமத்துக்கு இன்னும் 5 மாத்திரை இருந்தது. கண் இமைக்கும் நேரம்தான். தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த எனக்கு வயிறு கலங்கியது. ஆனால் மூன்றாவது ததிங்கிணதொம் வந்தது, வித்துவானின் தவிலிலிருந்து. அத்தனை உறுதியாக வந்து சமத்தில் விழுந்தது.

அதோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். அடுத்த சுற்றில் வித்துவான் தானே ஒரு கோர்வை வாசித்தார். இரண்டு ததிங்கிணதொம் வாசித்துவிட்டு வேண்டுமென்றே கையைத் தூக்கினார், பக்கத்துத் தவிலைப் பார்த்தார். அவர் மூன்றாவதை வாசித்தார். பிறகு அவர் இரண்டு வாசிக்க, அடுத்தவர் மூன்றாவது. கடைசியில் பையனின் முறை வந்தது. மற்றவர் விட்ட மூன்றாவதை அவன் எடுத்து அடித்தபோது கோவில் வீதி முழுவதும் கைதட்டியது. முதலிலிருந்தே அப்படித் திட்டமிட்டு வைத்த அழகு என்றே எல்லோருக்கும் தோன்றியிருக்கும்.

கச்சேரி முடிந்ததும் அவரைச் சுற்றிப் பொன்னாடைகளும் கைத்தொலைபேசிகளும். களைப்பில் அவர் முகம் வெளுத்திருந்தது. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவனாக நெருங்க மனம் வரவில்லை. மாமி வீட்டில் படுத்துவிட்டுக் காலை முதற்பாதைக்குப் போனேன்.

வாவியில் பனி கலையவில்லை. தயிர்முட்டிகளோடு இரண்டு பேர், பள்ளிக்கூடத்துக்குப் போகும் ஆசிரியைகள் சிலர். ஓரத்துப் பலகையில் வேட்டியை மடித்துக் கட்டியபடி அவர் இருந்தார். கல்முனைப் பக்கம் அன்று மாலை இன்னொரு கோவிலில் மேளமாம், அக்கரையில் வான் காத்திருந்தது. விரல் கூடுகளை ஒரு தகரப் பேணியில் அடுக்கிக்கொண்டிருந்தார். துணிச் சுருளில் பசை தடவிக் காயவைத்துச் செய்யும் அந்தக் கூடுகள் கழன்ற இடத்தில் விரல் நுனிகள் நீரில் ஊறியவைபோல் வெளிறியிருந்தன.

இரவெல்லாம் மனத்துக்குள் அடுக்கிவைத்த பாராட்டு எதுவும் வாய்க்கு வரவில்லை. "ஐயா, நேற்று அந்த மூன்றாவது ததிங்கிணதொம்..." என்று தொடங்கினேன்.

அவர் உதட்டில் விரலை வைத்தார். பிறகு கண்ணால் காட்டினார். உறையிட்ட தவிலில் தலை சாய்த்து அந்தப் பையன் தூங்கிக்கொண்டிருந்தான்.

"தம்பி எங்கே படித்தீர்கள்?" என்று மெல்லிய குரலில் கேட்டார். சொன்னேன். "வேறு யாருக்கும் கேட்டிருக்குமா?"

"கேட்டிருக்கும் ஐயா, இது கூத்து ஆடும் இடம். ஆனால் அடுத்த சுற்றைக் கேட்டபிறகு யாரும் அதைப் பிழை என்று சொல்லமாட்டார்கள்."

கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "விட்டதை எடுத்து அடிப்பது பெரிய காரியம் இல்லை, தம்பி. மூத்தவன் எவனும் அதைச் செய்வான். ஆனால் அதோடு விட்டால், மிச்சக் கச்சேரி முழுக்க அவன் தன் கையையே பார்த்துக்கொண்டிருப்பான். தவில்காரன் தன் கையைப் பார்க்கத் தொடங்கினால் பிறகு பாட்டு அவனுக்குக் கேட்காது." பையனின் வயதில் தனக்கும் ஒரு மேடையில் இப்படி நேர்ந்தது என்றார். அன்று தன் குரு திரும்பி ஒருமுறை பார்த்தாராம், அவ்வளவுதான். அந்தக் கோர்வையைத் தொட அவருக்கு எட்டு ஆண்டுகள் ஆயினவாம்.

"இவனுக்குத் தான் விட்டது தெரியாது. எல்லாம் சேர்ந்து வாசித்தது என்றுதான் நினைத்திருக்கிறான். நீங்களும் சொல்லிவிடாதீர்கள்" என்றார். சொல்லமாட்டேன் என்றேன். பிறகு, மிருதங்கத்தை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. படம் எடுக்க வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை, இன்றுவரை அதற்காக வருந்தியதும் இல்லை.

குருமண்வெளித் துறையில் பாதை முட்டியதும் பையன் விழித்துக்கொண்டான். வித்துவான் முன்னால் நடந்து போய் வான்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். தவிலைத் தூக்க நான் ஒரு கை கொடுத்தேன்.

"அண்ணா, நேற்றுக் கச்சேரிக்கு வந்தீர்களா?"

"வந்தேன். திஸ்ரத்தில் நீ வைத்த நடை இன்னும் காதில் நிற்கிறது" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

அவன் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை. முன்னால் நின்றவரை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "கோர்வையில் மூன்றாவதை நான் விட்டுவிட்டேன், அண்ணா. ஐயா இதுவரை ஒரு சொல் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் கவலைப்படுவார்."

சொல்லமாட்டேன் என்று அவனிடமும் சொன்னேன். இருவருக்கும் கொடுத்த வாக்கோடு நான் துறையில் நின்றேன். வான் கிளம்பியது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த பையனின் விரல்கள் கதவின் வெளிப்புறத்தில் தட்டிக்கொண்டிருந்தன. எண்ணிப் பார்த்தேன். மூன்று தடவை வந்தது.