லைபீரியப் பெண்கள் – கடிதமும் பதிலும்

வணக்கம்,

மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவில் உள்நாட்டுப் போரை நிறுத்தச் சொல்லி 2003இல் பெண்கள் நடத்திய அமைதிப் போராட்டம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அதிபர் சார்லஸ் டெய்லரைப் பதவியிலிருந்து இறக்கியது தலைநகரை முற்றுகையிட்ட கிளர்ச்சிப் படையும் அமெரிக்காவின் நெருக்குதலும்தானே? போர் நிற்கும்வரை கணவரோடு சேர மாட்டோம் என்று அறிவித்ததால்தான் பத்திரிகைகள் அந்தப் பெண்களைக் கொண்டாடின. வெள்ளை உடுத்தி உட்கார்ந்ததால் போர் நின்றது என்பது மிகையில்லையா?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

டெய்லர் பதவி விலகியதற்கு நீங்கள் சொல்லும் காரணங்கள் சரிதான். 2003 ஜூன் 4 அன்று அண்டை நாடான சியரா லியோனின் போர்க்குற்றங்களை விசாரித்த சிறப்பு நீதிமன்றம் அவர் மீதான குற்றப்பத்திரிகையை வெளியிட்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாம்பத்திய மறுப்பால் நடைமுறையில் பெரிய பலனில்லை, பத்திரிகைகளின் கவனம்தான் கிடைத்தது என்று போராட்டத்தின் தலைவி லேமா போவியே பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

ஆனால் டெய்லர் போவது வேறு, போர் நிற்பது வேறு. கானாவின் அக்ராவில் பேச்சுவார்த்தை தொடங்கிய அன்றே டெய்லர் நாடு திரும்பிவிட்டார். அரசுத் தரப்பும் இரு கிளர்ச்சிக் குழுக்களும் யாருக்கு எந்தப் பதவி என்று வாரக்கணக்கில் பேரம் பேசின. தலைநகர் மொன்ரோவியாவில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. அக்ராவில் ஓட்டலில் தங்கிப் பேரம் பேசியவர்களுக்கோ ஒரு அவசரமும் இல்லை.

ஜூலையில் பெண்கள் பேச்சுவார்த்தை நடந்த மண்டபத்தின் வாசலை அடைத்துக் கைகோத்து உட்கார்ந்தார்கள். அகதி முகாமிலிருந்து வந்த லைபீரியப் பெண்களும் அதில் உண்டு. முடிவு தெரியாமல் ஒருவரையும் வெளியே விடமாட்டோம் என்றார்கள். கைது செய்யக் காவலர்கள் வந்ததும் போவி தலைத்துணியை அவிழ்த்தார், உடையையும் களையப் போனார். தாயாக மதிக்க வேண்டிய ஒருத்தி தானே ஆடை களைவதைப் பார்ப்பது மேற்கு ஆப்பிரிக்காவில் பெரும் சாபம். காவலர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். பெண்களைத் தள்ளிக்கொண்டு வெளியேறப் பார்த்த ஒரு தளபதியை, நடுவராக இருந்த நைஜீரிய முன்னாள் அதிபர் அப்துல்சலாமி அபூபக்கர் அதட்டி உள்ளே அனுப்பினார். அதன் பிறகுதான் பேச்சு சூடுபிடித்தது. ஆகஸ்ட் 18 அன்று உடன்படிக்கை கையெழுத்தானது.

இந்தத் துணிச்சல் திடீரென்று வந்ததில்லை. ஏப்ரல் முதலே மொன்ரோவியாவின் மீன் சந்தைத் திடலில், டெய்லரின் வாகனங்கள் போகும் சாலையோரம், வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்தவர்கள் அவர்கள். தேவாலயப் பெண்களோடு முஸ்லிம் பெண்களையும் திரட்டினார், போலீஸ் அதிகாரியான அசாட்டு பா கென்னத். நகை கிடையாது, ஒப்பனை கிடையாது. எல்லோருக்கும் வெள்ளை டி-ஷர்ட், வெள்ளைத் தலைத்துணி. கேட்டதும் மூன்றுதான்: உடனே போர்நிறுத்தம், பேச்சுவார்த்தை, பன்னாட்டு அமைதிப்படை. டெய்லர் இறங்க வேண்டும் என்று அவர்கள் கேட்கவே இல்லை. அந்த அரசியல் நிதானத்தை நான் மிகவும் மதிக்கிறேன். எதிரியின் ஆட்கள் என்று எந்தத் தரப்பாலும் அவர்களை ஒதுக்க முடியவில்லை.

கையெழுத்தான பிறகும் அவர்கள் கலையவில்லை. 2005 தேர்தலுக்கு முன்பு சந்தை சந்தையாகப் போனார்கள். வியாபாரத்தை விட்டு வர முடியாது என்ற பெண்களின் கடையையும் கைக்குழந்தையையும் பார்த்துக்கொண்டு, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க அவர்களை அனுப்பிவைத்தார்கள். அந்தத் தேர்தலில்தான் எல்லன் ஜான்சன் சர்லீஃப் வென்று நாட்டின் முதல் பெண் அதிபராகத் தேர்வானார்.