இருட்டு மாதங்களில் சோர்வு: 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட் தினமும் வேண்டாம்

கேள்வி: வயது 34. கோவையிலிருந்து லண்டன் வந்து மூன்று வருடமாகிறது. சைவம். நவம்பர் பிறந்தால் பத்து மணி நேரம் தூங்கியும் எழுந்திருக்க முடியவில்லை. சாயங்காலம் இனிப்புக்கும் சோற்றுக்கும் மனம் அலைகிறது, எதிலும் பிடிப்பில்லை. ஏப்ரலில் தானாகச் சரியாகிவிடுகிறது. அம்மா வைட்டமின் டி 60,000 யூனிட் பாக்கெட்டுகள் அனுப்பியிருக்கிறார். தினமும் ஒன்று சாப்பிடலாமா? மீன் எண்ணெய், செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை எடுக்கலாமா?

பதில்: தினமும் கூடவே கூடாது. குறைபாடு உறுதியானவர்களுக்கு வாரம் ஒன்று, அதுவும் சில வாரங்களுக்கு மட்டும் எழுதித் தரும் மருந்து அது. பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்ச வரம்பு 4,000 யூனிட். ஒரு பாக்கெட் அதைப்போல 15 மடங்கு. தினமும் சாப்பிட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். வாந்தி, அடங்காத தாகம், மலச்சிக்கல் என்று தொடங்கி சிறுநீரகம் வரை பாதிக்கும்.

பிரிட்டனில் பரிந்துரைப்பது தினம் 10 மைக்ரோகிராம், அதாவது 400 யூனிட். அக்டோபர் முதல் மார்ச் வரை எல்லோருக்கும் இது பொருந்தும். நம் போன்ற தோல் நிறம் உள்ளவர்கள் வருடம் முழுக்க எடுப்பது நல்லது. கொழுப்புள்ள சாப்பாட்டோடு விழுங்குங்கள். ரத்தப் பரிசோதனை முடிவைப் படிப்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. லண்டன் அளவு நேனோமோல், ஊர் அளவு நேனோகிராம். லண்டன் எண்ணை 2.5-ஆல் வகுத்தால் ஊர் எண் கிடைக்கும். லண்டனில் 30 என்று வந்தால் ஊர்க்கணக்கில் 12தான். 'முப்பது இருக்கிறதே' என்று நிம்மதியாகிவிட வேண்டாம்.

ஆனால் வைட்டமின் டி எலும்புக்கும் தசைக்கும்தான். 50 வயது தாண்டிய 18,000-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தினம் 2,000 யூனிட் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில் (2020) மனச்சோர்வு வருவதை அது தடுக்கவில்லை.

நீங்கள் சொல்வது குளிர்கால மனச்சோர்வின் முகம். அதற்கு முதல் மருந்து வெளிச்சம். டிசம்பர் கடைசியில் லண்டனில் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. வீட்டு விளக்கு பொதுவாகச் சில நூறு லக்ஸ்தான் (லக்ஸ் வெளிச்சத்தின் அளவு). மேகம் மூடிய பகலிலும் வெளியே அதைவிடப் பல மடங்கு. காலையில் அரை மணி நேரம் நடங்கள். முடியாவிட்டால் புற ஊதா வடிகட்டிய 10,000 லக்ஸ் விளக்கு, எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் 30 நிமிடம், பெட்டியில் சொன்ன தூரத்தில். மாலையில் போட்டால் தூக்கம் கெடும். இருமுனை மனநோயோ விழித்திரைக் கோளாறோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

ஜி.பி.யிடம் (உங்கள் பகுதிக் குடும்ப மருத்துவர்) பி12, ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பு), தைராய்டு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சைவர்களிடம் பி12 குறைவு சாதாரணம். அதுவே மனச்சோர்வு போலத் தெரியும், கால் மரத்துப்போகும். பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்த பிறகு பி12 மாத்திரையைத் தொடங்குங்கள், முன்பு தொடங்கினால் குறைவு மறைந்துபோகும். முடி வளர பயோட்டின் எடுத்தால் அதையும் சொல்லுங்கள். தைராய்டு முடிவு தப்பாக வரலாம்.

சாயங்கால இனிப்பு ஆசைக்குக் காரணம் பாதி இருட்டு, பாதி காலை உணவு. இரண்டு இட்லியும் சட்னியும் பதினொன்று மணிக்கே கரைந்துவிடும். ஒரு கப் வேகவைத்த கொண்டைக்கடலையில் சுமார் 14 கிராம் புரதம். அதைத் தாளித்து காலையிலோ மூன்று மணிக்கோ சாப்பிட்டுப் பாருங்கள், பிஸ்கட் டப்பா பக்கம் கை போவது குறையும். தேநீர் இரும்பைத் தடுக்கும், ஆகவே சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி. மதியம் இரண்டுக்குப் பிறகு காப்பி, தேநீர் வேண்டாம். காப்பித்தூள் போடாத சுக்குக் காப்பி குற்றமில்லை.

ஒமேகா-3 வேண்டுமென்றால் சைவர்களுக்குப் பாசி எண்ணெய் இருக்கிறது. ஆளிவிதையில் உள்ள ஒமேகா-3, மீனில் இருக்கும் வகையாக உடலில் கொஞ்சமே மாறும். எதுவானாலும் மனநிலைக்கான ஆதாரம் பலவீனம்தான், காசை விளக்குக்குச் செலவிடுங்கள். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் கர்ப்பத்தடை மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும். மனச்சோர்வு மாத்திரையோடு சேர்ந்தால் செரட்டோனின் அளவு மீறி நடுக்கம், காய்ச்சல், படபடப்பு வரலாம். மூலிகைதானே என்று எடுக்காதீர்கள்.

இரண்டு வாரம் தினமும் விளக்கு போட்டும் மாற்றமில்லை என்றால் ஜி.பி.யிடம் போங்கள்; பேச்சு சிகிச்சையும் மருந்தும் இருக்கின்றன. செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு நாள் வந்தாலும் காத்திருக்க வேண்டாம். இங்கிலாந்தில் 111-ஐ அழைத்து மனநல உதவியைத் தேர்ந்தெடுங்கள். உடனடி ஆபத்து என்றால் 999.