பைப்ரொய்ட் கட்டியும் நிறமூர்த்த மாற்றமும்

கேள்வி: அக்காவின் கருப்பையிலிருந்து நான்கு பைப்ரொய்ட் கட்டிகளை அகற்றினார்கள். ஒன்றை மட்டும் நிறமூர்த்தப் பரிசோதனைக்கு அனுப்பினோம். 12ஆம், 14ஆம் நிறமூர்த்தங்கள் துண்டு மாறியுள்ளன என்கிறது அறிக்கை. இது புற்றுநோயின் தொடக்கமா? மகளுக்கும் கடத்தப்படுமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: இரண்டுக்கும் இல்லை என்பதே பதில். பைப்ரொய்ட்களில் ஏறத்தாழ 40 சதவீதத்தில் நிறமூர்த்த மாற்றம் தென்படும். அவற்றில் சுமார் ஐந்தில் ஒன்று இந்த 12–14 இடமாற்றம். சாதாரணக் கட்டிகளில்தான் இதைக் காண்கிறோம். கட்டியின் கலங்களில் மட்டும் நேர்ந்த மாற்றம் என்பதால் முட்டை வழியாக மகளுக்குப் போகாது.

12இல் முறிவு விழுவது எச்எம்ஜிஏ2 என்ற பரம்பரையலகின் அருகில். சிசு கருவில் வளரும் பருவத்தில் மும்முரமாக வேலை செய்து, பிறகு பெரும்பாலும் அடங்கிவிடும் பரம்பரையலகு அது. முறிவு பெரும்பாலும் அதற்கு வெளியேதான் விழுகிறது. ஆனால் கட்டுப்பாடு குலைந்து அது மறுபடி விழித்துக்கொள்ள, தசைக்கலங்கள் பெருகுகின்றன. 14இல் முறிவது ஆர்ஏடி51பி என்ற பரம்பரையலகு. இந்த வகைக் கட்டிகள் சற்றுப் பெரிதாக வளரும். 7ஆம் நிறமூர்த்தத்தின் நீண்ட கரத்தில் துண்டிழந்தவை பொதுவாகச் சிறியவை.

மற்ற மூன்று கட்டிகளுக்கு இந்த அறிக்கை பொருந்தாது. ஒவ்வொன்றும் தனித்தனிக் கலத்திலிருந்து கிளம்பியது. ‘நிறமூர்த்தம் இயல்பு’ என்று வந்தாலும் மாற்றமே இல்லை என்று அர்த்தமில்லை: ஏறத்தாழ 70 சதவீதக் கட்டிகளில் காணப்படும் எம்ஈடி12 என்ற பரம்பரையலகின் விகாரம் (2011இல் கண்டறியப்பட்டது) நுணுக்குக்காட்டியில் பிடிபடாத அளவு சிறியது.

பரம்பரையாக வருவது வேறொன்று, எஃப்எச் என்ற பரம்பரையலகின் விகாரம். இருபதுகளிலேயே பல கட்டிகள், தோலில் வலிக்கும் சிறு முடிச்சுகள், குடும்பத்தில் சிறுநீரகப் புற்றுநோய்: இவற்றில் ஏதும் இருந்தால் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அந்த விகாரம் பிள்ளைக்குக் கடத்தப்படும் வாய்ப்பு 50 சதவீதம்.

கேள்வி: எனது கட்டியை ஃபோர்மலினில் போட்டுவிட்டார்கள். இனி நிறமூர்த்தப் பரிசோதனை முடியுமா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: வழமையான முறையில் முடியாது. அதற்கு உயிருள்ள கலம் வேண்டும். ஃபோர்மலின் கலத்தைக் கொன்றுவிடும், உறைய வைத்தாலும் கெடும். கிருமி நீக்கிய வளர்ப்பு ஊடகத்தில் உடனே ஆய்வுகூடம் சேர வேண்டும். அப்போதும் வளர்ப்பில் கட்டிக் கலங்கள் பின்தங்கி, சாதாரணக் கலங்கள் முந்திவிடுவதுண்டு. ‘46, எக்ஸ்எக்ஸ்’ (பெண்ணின் இயல்பான நிறமூர்த்த அமைப்பு) என்ற பொய்யான நிம்மதி அப்படித்தான் வருகிறது. உங்கள் கட்டியின் துண்டைப் பதித்து வைத்த மெழுகுக்கட்டி பத்திரமாக இருந்தால், நிறமூர்த்தத் துண்டுகளை ஒளிரவைத்துப் பார்க்கும் ஒளிர்க்குறிச் சோதனையும் எஃப்எச் புரதச் சாயச் சோதனையும் செய்யலாம். அதை வீசிவிட வேண்டாமென்று ஆய்வுகூடத்தில் இப்போதே சொல்லி வையுங்கள்.