சொகுசு காரை ஓட்டுகிறவருக்கு என்ன வேண்டும்?

சொகுசு கார் நிறுவனங்களிடமும் காருக்குள் வரும் தொழில்நுட்பத்திடமும் ஓட்டுநர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நம் ஊரில் பணம் கொடுத்து வாங்குகிறவர் ஒருவர், ஓட்டுகிறவர் இன்னொருவர். நிறுவனங்கள் வாங்குகிறவரிடம்தான் கருத்துக் கேட்கின்றன. நான் ஓட்டுகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ராமநாதபுரத்தில் ஆக்டிங் டிரைவராக இருக்கிறேன். கீழக்கரையில் வெளிநாட்டில் தொழில் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு ஓட்டுகிறேன். மதுரை விமான நிலையத்தில் இறங்கி ராமேஸ்வரம் வரும் பார்ட்டிகளுக்கும் போவதுண்டு. பென்ஸ், பிஎம்டபிள்யூ, ஆடி, வால்வோ எல்லாமே கைக்கு வந்திருக்கின்றன. புது வண்டி டெலிவரி எடுக்கும்போது ஷோரூம்காரர் முதலாளியை முன்னால் உட்கார வைத்துத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுப்பார். தினமும் ஓட்டப் போகிறவன் கதவுக்கு வெளியே நிற்பான். கடைசியில் சாவி மட்டும் அவன் கைக்கு வரும். இந்தப் பழக்கம் மாற வேண்டும் என்பதுதான் என் முதல் எதிர்பார்ப்பு.

அடுத்தது பொத்தான். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், கையால் தடவியே ஏசி, வைப்பர், கண்ணாடிப் பனி நீக்கி, சத்தம் எல்லாவற்றையும் மாற்ற முடிய வேண்டும். ஒருமுறை கீழக்கரையிலிருந்து ஒரு பெரியம்மாவை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். சத்திரக்குடி தாண்டும்போது, "தம்பி, ரொம்பக் குளிருதுப்பா, கொஞ்சம் குறைச்சு வைங்க" என்றார். அந்த வண்டியில் ஏசிக்கு என்று ஒரு பொத்தான்கூடக் கிடையாது. வழிகாட்டி வரைபடத்திலிருந்து வெளியே வந்து, ஏசிப் பக்கத்தைத் திறந்து, பின் சீட்டைத் தேர்ந்தெடுத்து, பிறகு சின்னதாக இருக்கும் அம்புக்குறியைத் தொட வேண்டும். உச்சி வெயில் திரையில் அடித்து ஒன்றும் தெரியவில்லை. ரோடோ இருவழிச் சாலை, எதிரே லாரி, ஓரத்தில் ஆட்டு மந்தை. "இருங்க பெரியம்மா" என்று சொல்லி, வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத்தான் ஏசியைக் குறைத்தேன். இத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய காரில் இதற்காக நிறுத்த வேண்டியிருக்கிறது.

இது என் ஒருவனுடைய அனுபவம் மட்டுமில்லை. ஸ்வீடனில் வி பிலாகாரே என்ற கார் பத்திரிகை 2022இல் ஒரு சோதனை செய்தது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டே ஏசி, ரேடியோ, திரை வெளிச்சம் மாதிரி நான்கு சாதாரண வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். பொத்தான்கள் உள்ள 2005ஆம் ஆண்டு வால்வோவில் 10 விநாடி ஆனது. அதற்குள் கார் 306 மீட்டர் போயிருந்தது. பிஎம்டபிள்யூ ஐஎக்ஸில் சுமார் 30 விநாடி, 928 மீட்டர். கடைசி இடத்தில் வந்த ஒரு திரைக் காரில் 44.6 விநாடி, 1,372 மீட்டர். இந்தத் தூரம் பாம்பன் பாலத்தில் பாதிக்கு மேல்! பாதிப் பாலத்தை ரோட்டை ஒழுங்காகப் பார்க்காமல் கடக்க யாராவது சம்மதிப்பார்களா? ஐரோப்பாவில் கார்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கேப் அமைப்பு 2026 முதல் இண்டிகேட்டர், அபாய விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் கையால் இயக்கும் பொத்தானோ நெம்புகோலோ இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. நல்ல விஷயம். அந்தப் பட்டியலில் ஏசியையும் சேர்க்க வேண்டும் என்பேன்.

பாம்பன் பாலம் என்றதும் இன்னொன்று. 1988இல் திறந்த அந்த ரோட்டுப் பாலம் இருவழிதான். கடலையும் 2025இல் திறந்த புது ரயில் பாலத்தையும் பார்க்க ஜனங்கள் வண்டியை ஓரத்தில் விட்டுவிட்டு, குழந்தைகளோடு கைப்பிடிச் சுவரோரம் நிற்பார்கள். நாம் அவர்களுக்கு இடம் விட்டு வலப்பக்கம் ஒதுங்குவோம். தடம் மாறாமல் காக்கும் வசதி ஆன் ஆகியிருந்தால், நாம் கோட்டைத் தாண்டுகிறோம் என்று நினைத்து ஸ்டியரிங்கை இடப்பக்கம் இழுக்கும். அங்கேதான் ஆட்கள் நிற்கிறார்கள். கையை இறுக்கிப் பிடித்தால் சமாளித்துவிடலாம், ஆனால் பழக்கமில்லாத டிரைவர் அந்த இழுப்பில் பயந்துபோவார். இதை ஒரே அழுத்தில் அணைக்க முடிய வேண்டும். அணைத்தால் அணைந்ததாகவே இருக்கவும் வேண்டும். பல வண்டிகளில் இன்ஜினை நிறுத்தி மறுபடி எடுத்ததும் அது தானாகவே திரும்ப வந்துவிடுகிறது.

இதனால் எச்சரிக்கை வசதிகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தானாகப் பிரேக் போடும் வசதியை நான் ஒருநாளும் அணைத்ததில்லை. பக்கத்துத் தடத்தில் பின்னாலிருந்து வண்டி வந்தால் பக்கவாட்டுக் கண்ணாடியில் எரியும் சின்ன மஞ்சள் விளக்கு, பரமக்குடிக்கு அந்தப்பக்கம் நான்குவழிச் சாலையில் ராத்திரி ஓட்டும்போது பெரிய உதவி. சத்தம் போடாமல், தேவைப்படும் நேரத்தில் மட்டும் சொல்கிறது. எனக்குப் பிடித்த தொழில்நுட்பம் எது என்றால் அந்த மஞ்சள் விளக்கைத்தான் சொல்வேன்.

உப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தனுஷ்கோடி தாண்டி நிலம் முடியும் அரிச்சல்முனை வரை போகும் ரோட்டில் இரண்டு பக்கமும் கடல். ஆடிக் காற்று அடிக்கும் நாட்களில் மணல் ரோட்டில் ஏறிக் கோடுகளை மூடிவிடும். கோட்டைப் பார்த்து ஓடும் கேமராவுக்கு அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. திரும்பி வந்து பின்கேமராவைப் பார்த்தால் லென்ஸ் மேல் வெள்ளையாக ஒரு படலம் படிந்திருக்கும், விரலால் தொட்டால் பிசுபிசுக்கும். ஈரத்துணியால் மெதுவாகத் துடைக்க வேண்டும். காய்ந்த துணியால் தேய்த்தால் மணல் கீறிவிடும். அப்புறம் வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணியில் கழுவ வேண்டும். இங்கே பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு, அதில் கழுவிப் பயனில்லை. முன்விளக்குக்குத் தண்ணீர் பீய்ச்சத் தெரிந்த நிறுவனங்கள் எல்லாக் கேமராவுக்கும் அதே மாதிரி ஒன்றை வைக்கலாமே. சில வண்டிகளில் பின்கேமராவுக்கு வைத்திருக்கிறார்கள், ரொம்ப உபயோகமாக இருக்கிறது.

டயர் விஷயம் இன்னும் பெரியது. இந்தக் கார்கள் பலவற்றில் ஸ்டெப்னி கிடையாது. பஞ்சரானாலும் ஓடும் ரன்ஃபிளாட் டயர் போட்டு, 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் 80 கிலோமீட்டர் தூரம் ஓட்டலாம் என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அரிச்சல்முனையில் பஞ்சரானால் ராமநாதபுரம் வந்து சேரவே ஏறக்குறைய அவ்வளவு தூரம் ஆகிவிடும். அந்த அளவு டயருக்கு மதுரைக்குச் சொல்லிவிட வேண்டும், அதற்கு இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. வண்டியில் வயதானவர்கள் இருந்தால் அன்றைய நாள் போச்சு. பெரிய திரையை விட டிக்கியில் ஒரு ஸ்டெப்னி எனக்கு முக்கியம்.

மாதச் சந்தா விஷயத்தில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சீட்டைச் சூடாக்க மாதக் கட்டணம் என்று பிஎம்டபிள்யூ 2022இல் சில நாடுகளில் கொண்டுவந்தது, எதிர்ப்பு கிளம்பி அடுத்த ஆண்டே கைவிட்டது. வண்டியோடு வந்த பொருளுக்கு மறுபடி காசு கேட்டால் யாருக்கும் மனசு ஒப்பாது. நமக்கு வேண்டியது சீட்டுக்குள்ளிருந்து காற்று வரும் வசதி. சித்திரை வெயிலில் பல மணி நேரம் ஓட்டுகிறவனின் முதுகுக்கு அதன் அருமை தெரியும். அதைப் பின்சீட்டுக்கு மட்டும் கொடுத்து ஓட்டுநர் சீட்டை விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, செயலியும் ஓடிபியும். முதலாளி துபாயில் இருப்பார், கார் இங்கே இருக்கும். ஏதோ ஒரு அமைப்பை மாற்றப் போனால் ஓடிபி அவர் போனுக்குப் போகும். அங்கே அவர் தூங்குகிற நேரத்தில் எழுப்ப வேண்டியிருக்கிறது. ஓட்டுநருக்கென்று தனிக் கணக்கு ஒன்று, அதில் சீட், கண்ணாடி, எச்சரிக்கைகள், வழிகாட்டி, இவ்வளவு இருந்தால் போதும். முதலாளியின் போன் எண்களும் அவர் போய்வந்த இடங்களும் அதில் தெரியவே கூடாது. இது அவருக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

நீங்கள் வாங்கப் போகிறவராக இருந்தால் ஒன்று செய்யுங்கள். டெஸ்ட் டிரைவுக்கு உங்கள் டிரைவரையும் கூட்டிப் போங்கள். சாயங்காலம் வேண்டாம், மதியம் பன்னிரண்டு மணிக்குப் போங்கள். அவரை ஓட்டச் சொல்லி, நீங்கள் பின்னால் உட்கார்ந்து, "ஏசியைக் கொஞ்சம் குறைங்க" என்று கேளுங்கள். அவர் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். இறங்கியதும் டிக்கியின் அடித்தட்டைத் தூக்கி ஸ்டெப்னி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதற்கப்புறம் விலை பேசுங்கள்.