மகன் வராத அமர்வு

மதிப்பிற்குரிய எழுத்தாளருக்கு,

என் மகன் நான்கு ஆண்டுகளாக என்னிடம் பேசுவதில்லை. இருவருமாகக் குடும்ப ஆலோசகர் ஒருவரைப் பார்க்கலாம் என்று எழுதினேன்; பதில் இல்லை. அவன் வராமல் சிகிச்சையைத் தொடங்கிப் பயனுண்டா? என் பக்க நியாயத்தை ஆலோசகர் அவனுக்குப் புரியவைப்பாரா?

— ஒரு தந்தை

அன்புள்ள ஐயா,

தொடங்குங்கள், அவருக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆனால் உங்கள் நியாயத்தைக் கொண்டுசேர்க்கும் தூதராக ஆலோசகரை எண்ணாதீர்கள். குடும்பச் சிகிச்சையின் முன்னோடிகளுள் ஒருவரான இவான் போசோர்மெனி-நாகி, ஆலோசகர் ஒவ்வொருவர் பக்கமும் முறைவைத்து நிற்க வேண்டும் என்றும், அந்த அறைக்கு வராதவரும் அதில் அடக்கம் என்றும் வலியுறுத்தினார். ஆகவே நீங்கள் தனியாகச் சென்றாலும் உங்கள் மகனின் தரப்பு அங்கே பேசப்படும். அது உங்களுக்கு வலிக்கும். அந்த வலியைத் தாங்கப் பழகுவதே முதல் வேலை என்று நினைக்கிறேன்.

இருவரும் எதிரெதிரே அமர்ந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பலருக்கும் உண்டு. ஆயத்தமில்லாமல் நிகழும் சந்திப்பு, பழைய சண்டையைப் புதிய இடத்தில் நடத்துவதாகவே பெரும்பாலும் முடிகிறது. மனச்சோர்வுற்ற வளரிளம் பருவத்தினருக்காக உளவியலாளர் கை டயமண்டும் அவருடைய சகாக்களும் வகுத்த குடும்பச் சிகிச்சையில் 5 படிகள் உள்ளன. பிள்ளையிடம் தனியாகவும், பெற்றோரிடம் அவர்கள் வளர்க்கப்பட்ட விதம் உட்படத் தனியாகவும் பேசிய பிறகே, 4ஆவது படியில், காயத்தைப் பற்றிய நேரடி உரையாடலுக்கு இடம் தரப்படுகிறது. அந்த உரையாடலில் பெற்றோர் விளக்கம் சொல்வதில்லை, கேட்கிறார்கள். உங்கள் மகன் வளர்ந்தவர் என்றாலும் இந்த வரிசை உங்களுக்கும் பொருந்தும்.

அடியும் அவமதிப்பும் நிகழ்ந்த வீடுகளில் விலகல் ஒரு பாதுகாப்பாகவும் இருக்கலாம் என்பதால், மீண்டும் சேர்வதையே சிகிச்சையின் இலக்காக வைக்க நல்ல ஆலோசகர் இசையமாட்டார். உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதைக் கடிதம் சொல்லவில்லை. அதை ஆலோசகரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

சில அமர்வுகளுக்குப் பிறகு, ஆலோசகரும் அதைச் சரியெனக் கருதினால், மகனுக்குச் சுருக்கமாக எழுதுங்கள். "உன் மனம் புண்பட்டிருந்தால்" என்ற நிபந்தனை வேண்டாம். எதனால் புண்பட்டது என்று நீங்கள் இப்போது உணர்கிறீர்களோ, அதைப் பெயர் சொல்லி எழுதுங்கள். பதில் கேட்காதீர்கள், உறவினர் வழியாகத் தூது அனுப்பாதீர்கள். தொடர்பு வேண்டாம் என்று அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தால் இந்தக் கடிதமும் வேண்டாம். அவர் பதில் எழுதாவிட்டாலும் உங்கள் அமர்வுகளை நிறுத்திவிடாதீர்கள்.