ஒன்பது மாதக் குழந்தைக்கு எந்த டைபாய்டு தடுப்பூசி?

பழைய ஊசியா, விலை கூடிய புதிய ஊசியா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்பது மாதக் குழந்தைக்குத் தயக்கமே வேண்டாம், புதிய கான்ஜுகேட் வகைதான்.

பழைய 'விஐ' ஊசியில் இருப்பது கிருமியின் மேலுறைச் சர்க்கரை மட்டும். இரண்டு வயதுக்குட்பட்ட உடல் அதைச் சரியாக அடையாளம் காண்பதில்லை, நினைவிலும் வைப்பதில்லை. பெரியவர்களுக்கே மூன்றாண்டுக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும். புதிய வகையில் அதே சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்திருக்கிறார்கள். புரதத்தைக் கண்டதும் பிஞ்சு உடலும் விழித்துக்கொள்கிறது. ஆறு மாதம் முதல் போடலாம், ஒரே ஊசி. ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசியோடு சேர்த்தும் போடலாம். நேபாளத்திலும் மலாவியிலும் குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளில் ஏறத்தாழ 80 சதவீதம் பாதுகாப்பு கிடைத்தது. மருந்துக்கு அடங்காத டைபாய்டால் தவித்த பாகிஸ்தான், 2019-இல் உலகிலேயே முதல் நாடாக இதை வழக்கமான தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்தது. இதைவிட வலுவான பரிந்துரை எனக்குத் தெரியவில்லை.

விழுங்கும் மாத்திரை வகையும் உண்டு. அதில் இருப்பது வலுவிழந்த உயிர்க்கிருமி. ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்க வேண்டும். கைக்குழந்தைக்கு ஆகாது.

ஊசி போடும் முன் குப்பியின் மேல் 'கான்ஜுகேட்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். டைபாய்டைப் போலவே அசுத்தமான தண்ணீரால் பரவும் இன்னொரு காய்ச்சலான பாராடைபாய்டை இந்த ஊசிகள் தடுக்காது. ஆகவே தண்ணீரைக் கொதிக்க வைப்பதை நிறுத்திவிடாதீர்கள்.