உளுந்துக்கு அட்வான்ஸ் வாங்காம உள்ளூர்லயே விக்க முடியுமா?

பர்மாவுல பெகு பக்கத்துலேருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார்: "நாலு ஏக்கர்ல மழைக்கு நெல்லு, பனிக்கு உளுந்து. விதை, உரம், மருந்து எல்லாம் புரோக்கர் கடனா குடுத்துட்டு அறுப்புல உளுந்தா எடுத்துக்குறார். மருந்தில்லாம பண்ணி ஊருக்குள்ளயே வித்தா கட்டுப்படியாகுமா?"

ஆகும் தம்பி. ஆனா நாலு ஏக்கரையும் ஒரே பட்டத்துல மாத்தாதீங்க, வீட்டுக்கிட்ட அரை ஏக்கர்ல தொடங்குங்க, புளிச்சகீரை, வள்ளக்கீரை, கத்தரி, காராமணின்னு கலந்து போடுங்க, புளிச்சகீரை இங்க எல்லா வீட்டுலயும் சமைக்குறது, காலைல பறிச்சா காலைலயே காசு. உளுந்து அப்படியில்ல. நம்ம ஆளுங்க இட்லிக்கும் வடைக்கும் வாங்குறது போக பெரும்பாலும் இந்தியாவுக்குத்தான் போகுது. 2017 ஆகஸ்ட்ல அங்க இறக்குமதிக்கு அளவு வச்சாங்க, இங்க விலை படுத்துடுச்சு, எந்த ஆபீசரும் வரப்பு வரைக்கும் வந்து ஒரு வார்த்தை சொல்லல.

அதுக்காக உளுந்தை விட்டுடாதீங்க, மண்ணுக்கு அது நல்லது. செடியைப் பிடுங்காம அரிவாளால அறுங்க, வேர் மண்ணுலயே கிடந்தா அடுத்த நெல்லுக்கு உரம். பூச்சிக்கு 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடிச்சு ராத்திரி ஊறவச்சு வடிகட்டி, 100 லிட்டராக்கி, கொஞ்சம் சோப்பு கரைச்சு சாயங்காலமா அடிங்க.

இப்ப புரோக்கர் கடனா குடுக்குற அந்த அட்வான்ஸுக்கு வருவோம். உரத்துக்கு கடைவிலைக்கு மேல ஒரு விலை, அதுக்கு வட்டி, உளுந்துக்கு அடிமாட்டு விலை, அதுலயும் ஈரம்னு ஒரு கழிவு, சாக்குக்கு ஒரு கழிவு. உளுந்து ஒரு கூடைன்னா 72 பவுண்டுதான், எடை போடும்போது தராசுகிட்டயே நில்லுங்க, நாலு மணியைப் பல்லுல கடிச்சுப் பாருங்க, நறுக்குனு உடைஞ்சா காஞ்சிருக்கு, ஈரக்கழிவுக்கு ஒத்துக்காதீங்க. படிவம் 7ஐ, அதாவது நிலத்துல பயிர் பண்ற உரிமைக்கான சான்றிதழை, புரோக்கர் கையில குடுக்கவே குடுக்காதீங்க, 2012 விவசாய நிலச் சட்டப்படி அடமானம் பேங்குக்குத்தான்.

ஒரே ஒரு கடன் வாங்கலாம், விதைக்கடன். விதையை மட்டும் எடை போட்டு வாங்கி, விதையாவே திருப்பிக் குடுக்கணும், கூடுதல் எவ்வளவுன்னு முன்னாடியே பேசியிருக்கணும், மிச்ச விளைச்சலை யாருக்கு வேணா விக்கலாம்னு பேப்பர்ல எழுதி சாட்சி கையெழுத்தும் வேணும். இதுல ஒண்ணு இல்லன்னாலும் வேணாம்னுடுங்க.

ஆர்கானிக் சர்ட்டிபிகேட் எடுத்துத் தர்றேன்னு சிலர் பணம் கேட்டு வருவாங்க, அடுத்த தெருவுல விக்க அது எதுக்கு? தோசைக்கடைக்காரங்க, கோயில் அன்னதானம் பாக்குறவங்ககிட்ட விதைக்கிறதுக்கு முன்னாடியே போய் பேசுங்க, அறுத்து மூட்டையோட போய் நின்னா அவங்களும் புரோக்கர் விலைதான் சொல்லுவாங்க.